தலைகீழாய் வைத்தால் ஓடும்

சாய்ந்தமருதில் உப்பு கதவு தட்டி வருவதில்லை.
என் கடைக்கும் கடலுக்கும் நடுவில்
ஒரு பேக்கரி, ஒரு கொங்கிறீட் வீதி, நாலு தென்னை.
போன் திரை மாற்றுவதுதான் என் தொழில்.
இடைக்கிடை பழைய பெட்டிகளும் வரும்.

சாம்பல் நிறப் பெட்டி. உள்ளே
லென்ஸ் நகரும் பிளாஸ்டிக் தண்டவாளம்
சூட்டில் தேய்ந்து ஒருபக்கம் சரிந்தால்
டிஸ்க் கிறுகும், கிறுகும், படம் வராது.
கவிழ்த்து வை. ஓடும்.
இதை யாரும் சொல்லித் தரவில்லை,
பத்து வயதில் வீதி முழுக்கத் தெரிந்திருந்தது.
வாப்பாவின் கேம் கடையில் மணிக்கு இருபது ரூபா.
மல்லாந்து கிடந்த பெட்டிக்கு முன்னால்
பொடியன்மார் நிமிர்ந்திருந்து பந்தடித்தார்கள்.
நான் மணிக்கூடு பார்த்தேன்.

மறுகா கறுப்புப் பெட்டி வந்தது, அதோடு சிவப்புத் திரை.
கொப்பி டிஸ்க் போட்டால்
பீட்ரூட் தண்ணீருக்குள் புகை விட்டதுபோல் ஒரு மேகம்,
அதன் மேல் பிளீஸ் என்று தொடங்கும் ஒரு வசனம்.
எங்களிடம் முதன்முதலில் பிளீஸ் சொன்னது அந்த மெசின்தான்.
நாங்கள் அதன் தலையில் ரெண்டு போட்டோம்.

போன வியாழன் நப்றீஸ் வந்தார்,
டோஹாவில் இருந்து ஒரு மாச லீவு.
சட்டைப் பையில் மெமரி காட்.
"தாத்தா, நான் கப் அடிச்ச டீம் இதுக்குள்ள கிடக்கு.
ரூம் பொடியன்மாருக்குப் படம் எடுத்து அனுப்பணும்."

செருகினேன். திரை சொன்னது:
காட் பழுது. ஃபோர்மட் பண்ணவா?
யெஸ், நோ.
அம்பு யெஸ்ஸில்தான் நிற்கும், எப்போதும்.
நோ.
அழிறப்பரால் செப்புப் பற்களைத் தேய்த்தேன். நோ.
ஸ்பிரிட், பஞ்சு. நோ.
ஊதக்கூடாது, எச்சிலிலும் உப்பு. ஊதினேன். நோ.
சனிக்கிழமை கரண்ட் இல்லை.
ஞாயிறு அஸருக்குப் பிறகு, வேறு காட்டின் ஒரு பல்லைக் கழற்றி
இதில் ஒட்டவைத்தபோது
கேள்வி கேட்காமல் திறந்தது.

ஆளுக்கு எட்டு எழுத்துத்தான் இடம்.
சபருள்ளாவுக்கு வால் அறுபட்டுக் கிடந்தது.
கோலுக்குள் தஸ்லீம். நடுவில் இக்றாம் மூன்று பேர்,
கூட்டாளிமார் முடிந்துபோனார்களாம்.
இடது ஓரத்தில் ஹிமாஸ்.

அடுத்த பக்கம் புள்ளிப் பட்டியல்.
பதினாறு டீம். இவர்கள் பதினாறாவது.
வென்றது ரெண்டு.

பேக்கரியில் தட்டு விழுந்த சத்தம் கேட்டது.
நப்றீஸ் காதைச் சொறிந்தார்.
"இருபது வருசமாச் சொல்லிச் சொல்லி
அடிச்சன் எண்டே நினைச்சிட்டன்."
சுணங்கி, ரீவியைப் பார்க்காமல்:
"ஃபோர்மட் குடுங்க தாத்தா."

எனக்குக் கை போகவில்லை.
ரெண்டு ராத்திரி நோ குடுத்த கை.
சும்மா ஹிமாஸின் பக்கத்தைத் திறந்தேன்.
வயது பத்தொன்பது. வேகம் பன்னிரண்டு.
அந்த வருசம் டிசம்பரில்
வாப்பாவின் கடை நின்ற இடத்தில் கடல் நின்றது.
நப்றீஸ் போய் ஒரு மாசம். காட் அவர் பையில்.
இதையெல்லாம் நாங்கள் கதைக்கவில்லை.
"வேகத்தைக் கூட்டுடா எண்டு கரைச்சல் தந்தவன்," என்றார்,
"நான் கூட்டிக் குடுக்கல்ல."

பிறகு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.
ஒரு மேட்ச்.
ஹிமாஸுக்கே எல்லாப் பந்தும். ஓரத்தால் மெல்ல மெல்ல வருவான்,
யாரோ ஒரு நீளக்கால்காரன் பறித்துக்கொண்டு போவான்.
கடைசி நிமிசத்தில் ஒன்று கம்பத்தில் பட்டது.
மூன்றுக்குப் பூச்சியம்.

சேவ் பண்ணவா? என்றது திரை.
நோ, அவரே அமத்தினார்.

ரெண்டாயிரம் கேட்டேன், ஆயிரத்து ஐந்நூறு தந்தார்.
படம் எடுத்தாரா என்று பார்க்கவில்லை,
போன் உடைந்த ஒரு பிள்ளை வாசலில் நின்றாள்.
பெட்டியை நிமிர்த்தப் போனேன்.
அடிப்பக்கம் கை வைக்க ஒண்ணாத சூடு.