பாலத்து விளக்குகள் வெள்ளைதான்

பாலத்துக்காரர்கள் பல்பை மாற்றிவிட்டார்கள்
என்றுதான் முதலில் நினைத்தேன்.
விடியற்காலை மூன்றே முக்கால்.
பிறை டோலைத் தாண்டி ஏறியதும்
ஒவ்வொரு விளக்கும்
மஞ்சள் கரைத்த தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டு
கம்பத்தின் மேல் நின்றது.
சுற்றி ஒரு வளையம்.
வளையத்தைச் சுற்றி இன்னொன்று.

பின்சீட்டில் விமான நிலையம் போகிற பெண்.
"பாத்தியாம்மா, எப்படி மாத்திட்டான்!" என்றேன்.
கைபேசியிலிருந்து தலை தூக்கி
"எதை அங்கிள்?" என்றாள்.
"லைட்டை. மஞ்சளா."
"வெள்ளையாத்தானே இருக்கு."
சொல்லிவிட்டுக் கதவோரம் நகர்ந்து உட்கார்ந்தாள்.
பாதிப் பாலத்தில்
வேறு டிரைவருக்கு எங்கே போவாள், பாவம்.

நாலு நாளாகச் சோறு இறங்கவில்லை.
மீ கோரெங் வாசனைக்கே குமட்டல்.
பட்டர்வர்த் கிளினிக் மாத்திரை இருமலை நிறுத்திவிட்டது,
அந்த மட்டுக்கும் கெட்டிக்கார மாத்திரை.
"வேறு மருந்து சாப்பிடுறீங்களா?" என்று டாக்டர் கேட்கத்தான் செய்தார்.
"ஹார்ட்டுக்கு ஒண்ணு."
"பேரு?"
"சின்னது, வெள்ளை, உருண்டை."
உலகத்தில் பாதி மாத்திரை
சின்னது, வெள்ளை, உருண்டை.
வெளியே பதினேழு பேர் காத்திருந்தார்கள்.

ஆறு வருசமாக என் நெஞ்சு அப்படித்தான்.
நின்று யோசிக்கும், இரண்டடி ஓடும்,
எதையோ மறந்துவிட்டு வந்தவன்போலத் திரும்பும்.
அதைக் கைபிடித்து நடத்தத்தான் அந்த வெள்ளை உருண்டை.
டிகாக்சின்.
பெயரைப் பிறகுதான் மனப்பாடம் செய்தேன்.

அந்தப் பெண்ணை இறக்கிவிட்டு
கழுத்தில் விரல் வைத்து எண்ணினேன்.
நிமிடத்துக்கு முப்பத்தெட்டு.
என் காரின் சிக்னல் விளக்கே
இதைவிட வேகமாகத் துடிக்கும்.

பெரிய ஆஸ்பத்திரியில் மூன்று இரவு.
ஃபார்மசியிலிருந்து ஊய் ஹுவீ லிங்
கட்டிலுக்கே வந்து அட்டையைப் படித்தாள்:
"சந்தனசாமி ஆ-லெ ரெங்கன்?"
அவள் உச்சரித்த விதத்தில்
என் அப்பா சீனராகிப் போனார்.
"ஊபாட் லாயின் அடா?"
பிளாஸ்டிக் பையைக் கவிழ்த்தேன்.
கிளினிக் மாத்திரையை ஒற்றை விரலால் தள்ளினாள்,
அரிசியில் கல் ஒதுக்குவதுபோல.

மலாயும் கையும் கலந்து சொன்னாள்:
நீங்கள் கூடுதலாக எதுவும் விழுங்கவில்லை.
பழைய மருந்து வெளியே போகிற வாசலில்
இந்தப் புதியவன் குறுக்கே நின்றுகொண்டான்.
தினம் ஒன்றுதான்.
ஆனால் நேற்றையதும் முந்தாநாளையதும்
போக வழியில்லாமல் உள்ளேயே.

கிராப் ஓட்டுகிறவன் என்று கேள்விப்பட்டிருப்பாள்.
"டோல்ல ரெண்டு லேனை மூடிட்டா எப்படி இருக்கும்? அது மாதிரி."
அங்கேதான் நான் திருத்தினேன்.
டோல் தீவுக்குள் வரும்போது மட்டும்தான், மிஸ்.
போகும்போது யாரும் மறிப்பதில்லை.
கொஞ்சம் யோசித்தாள். சிரித்தாள்.
"அப்படின்னா உங்க உடம்பு பினாங்கு இல்ல."

மருந்தின் பெயரை ஒரு துண்டு அட்டையில்
கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தாள்.
டோல் கார்டுக்குப் பின்னால் செருகியிருக்கிறேன்.
பல் டாக்டர் வாயைத் திற என்பதற்குள் நீட்டிவிடுகிறேன்.
ஒருநாள் அவசரத்தில்
பெட்ரோல் கடைப் பையனிடமும் நீட்டிவிட்டேன்.
படித்துப் பார்த்துவிட்டு
இங்கே விற்பதில்லை என்றான்.

நேற்று மறுபடி அதே நேரம், அதே ஏற்றம்.
விளக்குகள் வெள்ளை.
கல் உப்பு வெள்ளை. வளையம் இல்லை.

ஹுவீ லிங்கிடம் சொல்லாத ஒன்று:
அந்த நாலு இரவும்
கடல் கல்யாண வீடு மாதிரி இருந்தது.

பின்சீட்டுக்காரரை ஜெலுத்தோங்கில் இறக்கிவிட்டுத் திரும்பினேன்.
நெஞ்சு எழுபதில் நடந்தது, லேசாக நொண்டியபடி.
காசு கேட்காமல்
வெளியே விட்டது பாலம்.