பத்தொன்பது நாள்

முதல் கோப்பில்
நான் திரும்பி வருவேன் என்பதற்கான ஆதாரங்கள்.
வாஷி பல் மருத்துவமனையில் பதினோரு வருடக் கணக்கெழுத்து,
திலக் நகர் வீட்டில் பாதிப் பங்கு,
அம்மாவின் சர்க்கரை அளவு,
முதிர்வுத் தேதியோடு வைப்புநிதி ரசீது.
இந்த மும்பையை விட்டு
இசக்கியம்மாளால் இருக்கவே முடியாது
என்றது ஒவ்வொரு காகிதமும்.
அடுக்கி முடித்தபோது எனக்கே தொண்டை அடைத்தது.

அவரால் வர முடியாது.
தாயாருக்கு வாரம் மூன்று நாள் ரத்தம் சுத்தம் செய்யவேண்டும்,
ஸ்கார்பரோவில் கூட்டிப்போக வேறு ஆளில்லை.
கூறைப்புடவையை ஸ்வெட்டருக்குள் சுருட்டிக்கொண்டு
நான் போனேன்.

எதற்காக வந்தாய் என்று கேட்டாள் விமான நிலைய அதிகாரி.
சுற்றிப் பார்க்க என்று சொல்லத்தான்
ஏஜெண்ட் பாடம் எடுத்திருந்தான்.
வாய் தவறி நிஜம் வந்துவிட்டது.
கல்யாணம் செய்துகொள்ள,
பிறகு ஊருக்குப் போய்விடுவேன்.
கல்யாணத்தைப் பற்றி அவள் ஒன்றும் கேட்கவில்லை.
திரும்பும் டிக்கெட்டைத்தான்
இரண்டு முறை பார்த்தாள்.

பதினொரு பேர்.
மூடிய மளிகைக்கடைக்கு மேலே ஒரு கூடம்.
தாலியை அங்கே கொடி என்றார்கள்.
வாகனம் நிறுத்துமிடத்தின் ஓரத்தில்
உருகாமல் மிச்சமிருந்த பனி
சித்திரை மாதத்திலும் கறுத்துக் கிடந்தது.

இருவருக்கும் பொதுவான மொழி எது
என்றது படிவம்.
தமிழ் என்று எழுதினோம்.
நான் கட்டிங் கேட்டால் அவருக்கு முடிவெட்டு.
ரெண்டு கிழமை பொறும், பதில் வந்திடும் என்றார் அவர்.
வியாழன், வெள்ளி என்று எண்ணி
சனிக்கிழமை சண்டை போட்டேன்.
கிழமை என்றால் அங்கே வாரமாம்.

இரண்டாவது கோப்பும் அதே அலமாரியில்தான்.
இது, எனக்கு எல்லாமே அங்கேதான் என்பதற்கு.
இதை மட்டும் அம்மாவிடம் காட்டவில்லை.
முதல் கோப்பில் அவள்தான் காரணம்,
இதில் அவள் பெயர்
பெற்றோர் என்ற கட்டத்தில் மட்டும்.
இரண்டிலும் ஒரே கையெழுத்து.
இரண்டிலும் நான் பொய் சொல்லவில்லை.

எட்டு மாதம் கழித்து ஒரு கடிதம்.
ஜெராக்ஸ் கடையில் நின்று படித்தேன்:
உண்மையான திருமணம் என்றால்
பத்தொன்பதாம் நாளே ஏன் பிரிந்தீர்கள்?

ஐயா,
நீங்கள்தானே திரும்பச் சொன்னீர்கள்.

கடைப்பையன் கலரா பிளாக் அண்ட் ஒயிட்டா என்று
இரண்டாம் தடவை கேட்டான்.

படங்கள் நாற்பத்தாறு வைத்திருக்கிறேன்.
ஏழாம் நாள் தோசைமாவுக்காகச் சண்டை பிடித்து
ஆளுக்கொரு சுவரைப் பார்த்துப் படுத்ததற்குப் படமில்லை.
விடிந்து எழுந்தபோது
நனைந்த என் செருப்பு
ஹீட்டர் பக்கம் திருப்பி வைக்கப்பட்டிருந்ததற்கும்.
இருந்திருந்தால் அதைத்தான்
முதல் பக்கத்தில் ஒட்டியிருப்பேன்.

தவரூபனுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை.
அங்கே காலையில் அவர் கண் அசரும்போது
இங்கே எனக்கு வேலை விடும்.
அழைப்பை வெட்டுவதில்லை,
நீளமும் ஒரு ஆதாரம் என்று யாரோ சொன்னதிலிருந்து.
வாஷி பாலத்தில் மட்டும்
மூச்சைப் பிடித்துக்கொள்வேன்,
சிக்னல் போகக்கூடாது.

நேற்று இயர்போன் மறந்துவிட்டது.
பெண்கள் பெட்டியில், காலிக் கூடையோடு
எதிரே உட்கார்ந்திருந்த மீன்காரம்மா
என் கைப்பைக்குள்ளிருந்து குறட்டை வருவதைக் கேட்டு
கோண்? என்றாள்.

விளக்கக் கடிதம் நாலு பக்கம்,
வக்கீல் இருமுறை திருத்தியது.
அவளிடம் நவரா என்றேன்,
அவ்வளவுதான்.

மான்குர்த்தில் கூட்டம் ஏறியது.
ஜோரில் கோரதோ, என்று சொல்லிச் சிரித்தபடி
கூடையைக் காலால் தள்ளி
நாலாவது சீட்டில்
யாருக்கோ பாதி இடம் விட்டாள்.