இரண்டு வாசிப்புகள்

இரண்டு வாசிப்புகள் வைக்கலாம் என்றாள் பெவர்லி,
ஒன்றுக்கு மூன்று நிமிடம்.
சட்டம் கேட்கிற வரிகளை அவளே சொல்லிக்கொள்வாள்,
மிச்சம் எங்கள் விருப்பம்.
பூங்கா பத்தரை வரைதான் எங்களுக்கு.
பிறகு நாய்ப் பயிற்சி வகுப்பு.

ஏழு ஞாயிறு இருந்தது.
முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்து நான் வருவேன்,
ரொட்டி லொறியை நிறுத்திவிட்டுக் குகனேசன் வருவார்,
முழங்கைவரை மாவோடு.
மேசை நிறையத் தாள்கள்.

பழைய பாடல்களில் எல்லாப் பெண்களுக்கும் வளை கழன்றது.
எனக்கு நாற்பத்தொன்பது.
என் காப்பைச் சவர்க்காரம் போட்டாலும் கழற்ற முடியாது.

பெவர்லி தந்த ஆங்கிலத் தாளில்
ஒரு கலங்கரை விளக்கம், ஒரு படகு, நிறையக் காற்று.
டூவூம்பாவில் மலைமேல் இருக்கிறோம்,
கடல் இரண்டு மணித்தியாலம் தள்ளி.
"படகு வேண்டாம்" என்றார் குகனேசன்.
படகில் வந்தவர்.
அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

மெல்பேணிலிருந்து தமையன் ஒன்று அனுப்பினான்.
என் முதல் கலியாணத்துக்கும் அவன்தான் தெரிந்து தந்தவன்.
அதிலும் பொறுமை,
இதிலும் பொறுமை.

ஐந்தாம் ஞாயிறு,
சீனிப் போத்தல் தேடி மேல் அலுமாரியைத் திறந்தேன்.
கதவின் உட்புறம்
நான்கு மூலையும் டேப் ஒட்டிய கொப்பித் தாள்.
எத்தனை தரம் திறந்த கதவு!
உயரம் போதாமல்
ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

*வெள்ளை உடுப்பைத் தனியப் போடுங்கோ.
சோத்துக்கு, ஒண்டுக்கு ஒண்டே முக்கால் தண்ணி. ரண்டில்லை.
அபி வயித்துக்குத்து எண்டால் மருந்து குடுக்காதேங்கோ,
பள்ளிக்கூடத்திலை என்ன நடந்ததெண்டு கேளுங்கோ.
செவ்வாய்க்கிழமை சிவப்பு மூடிக் குப்பை.
என்ரை சீலையளை ஆருக்கும் உடுக்கக் குடுங்கோ,
பெட்டியிலை வைச்சுப் பூஞ்சணம் பிடிக்க விடாதேங்கோ.
இரவிலை தனிய இருந்து சாப்பிடாதேங்கோ.*

அதன் கீழே பேனை முடிந்து பென்சில்:
*லைட் பில்லுக்கு*

அவ்வளவுதான்.
தேவசுதாவுக்கு அதற்குமேல் கை எழவில்லைப் போல.

இதைத்தான் வாசிப்பம் என்றேன்.
அவர் ஓமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.
வெளியே போய் லொறிக் கண்ணாடியைத் துடைத்தார்.
காலையில் துடைத்த கண்ணாடி.

"சனம் என்ன சொல்லும்?
செத்த மனுசியின்ரை கடிதத்தை மணவறையிலையோ?"
தமையன் தொலைபேசியில் கத்தினான்.
மணவறை இல்லை அண்ணா, புல்வெளி.
அந்தச் சீலைகளில் மூன்றை
நான் எப்போதோ உடுத்தாயிற்று.

ஆறாம் ஞாயிறு அபி வந்தாள்.
பத்தொன்பது வயது, தமிழ் பேசுவாள், எழுத்துத் தெரியாது.
கதிரையில் ஏறி நின்று
தாயின் கையெழுத்தைப் படம் பார்ப்பதுபோல் பார்த்தாள்.
நான் சொல்லச் சொல்ல
ஆங்கில எழுத்தில் எழுதிக்கொண்டாள்.
செவ்வாய்க்கிழமை அவள் வாயில் மூன்றாக உடைந்தது.
திருத்தப் போனேன்,
விட்டுவிட்டேன்.
வயிற்றுக்குத்து வந்த இடத்தில்
இறங்கிப்போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

அன்றிரவு குகனேசன் ஒரு வார்த்தை பேசினார்:
"ஒண்டே முக்கால் எண்டதை வடிவா வாசிக்கச் சொல்லு.
நான் இப்பவும் ரண்டுதான் விடுறன்."

மொழிபெயர்ப்புக் கேட்டாள் பெவர்லி, அபி எழுதிக் கொடுத்தாள்.
சிவப்பு மூடிக்கு வந்தபோது
பெவர்லி மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்தாள்.
இரண்டாவது வாசிப்பு என்ன என்று
பிறகு கேட்கவே இல்லை.
மிஞ்சிய மூன்று நிமிடத்தை
நாய்களுக்கு விட்டுக்கொடுத்தோம்.

நேற்று ஒத்திகை.
மேல்காற்று தாளைப் பிடுங்க,
இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்து
கடைசி வரிவரை வந்தாள் அபி.
"லைட் பில்லுக்கு..."
நின்றாள். என்னைப் பார்த்தாள்.
"இதோட நிப்பாட்டுறதோ, அன்ரி?
பில்லுக்கு என்ன?"

கட்டியாச்சு, பிள்ளை.
பத்தாம் திகதியே கட்டியாச்சு.