ஆயிரத்து இருநூறு

டீசல் என்ஜினைச் சும்மா ஓடவிட்டால்
சூடாகாது, சும்மா ஓடும்.
மொன்டானாவில், மால்ட்டாவுக்கு வடக்கே, மைனஸ் முப்பதில்
இதை ஒவ்வொருவரும் ஏதோ ஒரு விலைக்குத் தெரிந்துகொள்கிறோம்.
நான் கொடுத்தது ஒரு கிடேரிக் கன்று.
போன பிப்ரவரி.

தலையீற்று. பனியிலேயே போட்டுவிட்டுத்
தாய் தள்ளி நின்றது, யாருடையதோ என்பதுபோல.
தூக்கிவந்து பிக்கப்பின் தரையில்
ஹீட்டர் வாய்க்கு நேரே கிடத்தினேன்.
பத்து நிமிடம் நல்ல காற்று.
அப்புறம் அறுநூற்றைம்பதில் முனகி முனகி
ஊசி இடப்பக்கம் சாயச் சாய
வந்ததெல்லாம் வெளியே இருந்த அதே குளிர்,
ஃபேன் போட்டு.
ஒரு கால் ஆக்சிலரேட்டரில்,
இரண்டு கையும் கன்றின்மேல்,
தேய்த்துக்கொண்டே இருந்தேன்.
முதலில் காதுநுனி விறைத்தது. பிறகு நாக்கு.

"புது வண்டி வாங்கு, பட்டன் அதிலேயே வரும்"
என்றான் வெர்ன்.
புது வண்டிக்கு நாற்பது மாடு விற்க வேண்டும்.
அப்புறம் எந்தக் கன்றுக்கு ஹீட்டர்?

அக்டோபரில், மழை பெய்த ஒரு மதியம்,
ஸ்டியரிங்குக்கு அடியில் மல்லாந்து படுத்தேன்,
வாயில் டார்ச்சைக் கவ்வி.
கோதுமைத் தூசி. ஒரு பென்சில்.
வெர்ன் விட்டுவிட்டதாகச் சத்தியம் செய்த
சிகரெட் ஒன்று.
அதற்கும் மேலே,
கறுப்பு டேப்பில் சுருட்டி
முனை வெட்டி
எதிலும் சேராமல் தொங்கிய ஒயர்கள்.
தொழிற்சாலையிலேயே வைத்து அனுப்பியிருக்கிறார்கள்.
பத்தொன்பது வருடமாய்
என் முழங்காலுக்கு ஒரு சாண் மேலே.
திட்டினேன். யாரை என்று தெரியவில்லை.
அந்த இரவும் அவை அங்கேதானே இருந்தன.

கோதுமைமணி அளவு ஒரு ரெசிஸ்டர்.
செத்துப்போன அறுவடை இயந்திரத்தின் விளக்கு சுவிட்ச்.
சாம்பல் கிண்ணம் இருந்த ஓட்டையில் அது
அளவெடுத்ததுபோல் உட்கார்ந்தது.

தட்டினேன். ஒன்றுமில்லை.
மறுபடி. ஒன்றுமில்லை.
கைபிரேக் போட்டிருக்க வேண்டுமாம், கியர் பார்க்கில்,
கால் எதன்மேலும் இருக்கக் கூடாதாம்.
நீ எங்கும் போகப்போவதில்லை என்று
வண்டி முதலில் நம்ப வேண்டும்.
பிரேக்கைத் தொட்டாலே போதும்,
கோபித்துக்கொண்டு இறங்கிவிடும்.
இரண்டு காலையும் தூக்கிச் சீட்டில் மடித்து வைத்துத் தட்டினேன்.
எண்ணூறு. ஆயிரம்.
ஆயிரத்து இருநூறில் நின்றது.
நாய் எழுந்துவந்து பார்த்துவிட்டுப் போனது.

நேற்றிரவு இரண்டரை மணி.
காளைக்கன்று, ஈரம், கனம்,
கண்ணிமையில் அப்போதே பனி.
தரையில் போட்டேன். கைபிரேக். சுவிட்ச்.
கதவைச் சாத்திவிட்டு
பட்டியில் முக்கிக்கொண்டிருந்த இன்னொன்றிடம் ஓடினேன்.
முழங்கைவரை உள்ளே விட்டு
கால் எது தலை எது என்று தேடும்போது
முதுகுக்குப் பின்னால் அந்த ஒரே சுருதி
இருட்டில் ஒரு சுவர்போல நின்றது.

விழுந்தது.

சட்டென்று, ஆயிரத்து இருநூறிலிருந்து
அந்தப் பழைய முனகலுக்கு.
டீசல் உறைந்ததா, ஃபில்டரா,
என் கையால் வைத்த சாலிடர் விட்டதா?
ஓடினேன். ஐஸில் ஒருமுறை விழுந்தேன்.
கதவைத் திறந்தால்
முகத்தில் வெந்நீரறை ஆவி.

கன்று நின்றுகொண்டிருந்தது.
நான்கு கால் நான்கு திசைக்கு.
நடுமேட்டை எப்படியோ தாண்டி
என் பக்கம் வந்து
ஒரு முன்குளம்பைப் பிரேக்கில் ஊன்றி
ஸ்டியரிங்கை நக்கிக்கொண்டிருந்தது,
அவசரமாக எங்கோ போக வேண்டியதுபோல.

காதைப் பிடித்துப் பார்த்தேன். சூடு.
அறுநூற்றைம்பதில் இந்த என்ஜின்
இவ்வளவு நன்றாகப் பேசி நான் கேட்டதில்லை.

குளம்பை எடுத்துவிட்டு மறுபடி தட்டினேன்.
பட்டியில் இன்னொன்று காத்திருந்தது.
சீட்டின் கதியை
காலையில் வெர்ன் பார்த்துக்கொள்ளட்டும்.