ஏழாவது கட்டம்

ஆறு கட்டங்களைத் தூக்கத்திலேயே நிரப்பிவிடுவேன்:
என்ன மாற்றம், ஏன், எப்போது,
யார் சரிபார்த்தார்கள், யார் சம்மதித்தார்கள்,
எத்தனை பேரைத் தொடும்.
ஏழாவதில்தான் விரல் நிற்கும்.
தவறிப்போனால் எப்படித் திரும்புவீர்கள்?

பெல்லந்தூரில் மணி பத்தேகால்.
ஏரி இருக்கும் திசையில் கண்ணாடி முழுக்க இருட்டு.
ஆறிப்போன கோபி மஞ்சூரியனைப்
பல்குச்சியால் குத்தியபடி ரெக்ஸன் சொல்கிறான்,
"பழைய வெர்ஷனுக்குப் போயிடுவோம்னு எழுது.
எல்லாரும் அதத்தான் எழுதுறாங்க."

மார்ச்சில் நானும் அதைத்தான் எழுதினேன்.
நான்கே நிமிடத்தில் திரும்பியும்விட்டோம்.
மறுநாள் கேக் வெட்டினார்கள்.
அந்த நான்கு நிமிடத்துக்குள்
பதினோராயிரத்துச் சொச்சம் பேருக்கு
பின்னிரவு இரண்டு நாற்பதுக்குப் போயிருந்தது:
உங்கள் தவணை தவறிவிட்டது.

நிரல் திரும்பியது.
செய்தி திரும்பவில்லை.
ஹொசகோட்டையில் கோழித்தீவனக் கடை வைத்திருக்கும் நஞ்சுண்டப்பா
அழைப்புப் பதிவில் சொல்லிக்கொண்டே இருக்கிறார்
கட்டிட்டேன் சார், கட்டிட்டேன் சார்.
எண்ணினேன், ஒன்பது முறை.
ஒன்பதாவதில் சார் இல்லை.
பின்னால் ஒரு குழந்தை விழித்துக்கொள்கிற சத்தம்.
எந்தப் பட்டனை அழுத்தி
அதைத் திரும்பத் தூங்கவைப்பது?

இன்று எழுதுகிறேன்:
முதலில் நூற்றில் ஒருவருக்கு மட்டும்.
அதுவும் பகலில், எல்லோரும் டீ குடித்த பிறகு.
அணைக்க ஒரு சுவிட்ச்.
என்னிடம் மட்டுமல்ல, ரெக்ஸனிடம்,
இரவுப்பணி ஃபர்ஹீனிடம்,
என்னோடு பேசாத ஓம்காரிடமும் இருக்கும்.
யாரையும் கேட்காமல் அணைக்கலாம்.
அணைத்தவரை விடியும்வரை
ஏன் என்று யாரும் கேட்கக்கூடாது.
பழைய அட்டவணையை முப்பது நாள் தொடமாட்டோம்.
குறுஞ்செய்தி எதுவானாலும்
பத்து நிமிடம் வாசலில் நின்றுவிட்டுத்தான் போகும்.
சுவிட்சைச் சோதித்தோமா?
செவ்வாயன்று, இரண்டு முறை.
முதல் முறை அணையவில்லை.

கட்டம் போதவில்லை.
படிவத்தில் இல்லாத ஒரு வரியைக் கீழே சேர்த்தேன்.
திரும்பாதவை:
போய்ச் சேர்ந்த சொல்.
பிடித்த பணத்தை மறுநாளே கொடுத்தாலும்
நடுவில் போன அந்த ஓர் இரவு.

ரெக்ஸன் படித்துவிட்டு, "ரொம்ப நீளம்" என்றான்.
அழிக்கச் சொல்லவில்லை.
மஞ்சூரியன் டப்பாவை என் பக்கம் நகர்த்தினான்,
ஒரே ஒரு துண்டு மிச்சம்.

மீட்டர் போட்டு ஓட்டுகிற அதிசய ஆட்டோ ஒன்று கிடைத்தது.
மாரத்தஹள்ளியில் வளைய வேண்டிய இடத்தை விட்டுவிட்டார்.
"யூ டர்ன் மிஸ் ஆய்து மேடம்."
அடுத்த திருப்பம் ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளி.
போய்ப் பார்த்தால்
மெட்ரோக்காரர்கள் தகரத் தடுப்பு வைத்திருந்தார்கள்.
அதற்கும் அடுத்ததில்தான் வளைந்தோம்.
திரும்பி வந்த வழிக்கும்
மீட்டர் ஓடியது.