எழுபத்திரண்டரைக் கிலோ

பன்னிரண்டுக்குச் சைரன்.
மூன்று மணிவரை வெயிலில் ஆள் நிற்கக் கூடாது,
ஜூன் பாதியிலிருந்து சட்டம்.
ஜுபைலில், குழாய்த் தாங்கிகளின் அடியில்
அட்டைப் பெட்டிகளைப் பிரித்து விரிக்கிறோம்.
மிக்கேல் பூட்ஸைக் கழற்றிக் கவிழ்க்கிறான். மணல்.
ஷேர் ஸமான் தொண்டையைச் செருமி
"ஹேக்லர்" என்கிறான்.
அவ்வளவுதான், தூக்கம் போயிற்று.

ஷேர் ஸமான் கராச்சி, லியாரிக்காரன்,
வெல்டிங் ஹெல்பர், மூக்கு இரண்டு தரம் உடைந்தது.
மிக்கேல் காசிமேடு. அவன் மூக்கு ஒரே தரம்,
அதுவும் துடுப்பு பட்டு. ஒப்புக்கொள்ள மாட்டான்.
இருவருக்கும் நடுவே ஓடுவது
ஃபோர்மேனிடம் வசவு வாங்கிக் கற்ற இந்தி.
நடுவர் நான். சாரம் கட்டுகிறவன்,
எந்தப் பக்கமும் சாயாமல் நிறுத்துவது என் பிழைப்பு.

மிடில்வெயிட் என்றால் எழுபத்திரண்டரைக் கிலோ.
கனத்தவன் மூச்சு வாங்குவான், மெலிந்தவன் பறந்து பறந்து ஏய்ப்பான்,
நடுவில் இருப்பவன்தான்
வேலை செய்வான் என்பது மிக்கேல் கட்சி.
அவன் ஆள் மொன்ஸோன்.
குழாயில் சாக்பீஸால் அந்தக் கையின் நீளத்தைக் கோடு போடுகிறான்:
இதைத் தாண்டி ஹேக்லர் உள்ளே வரவே
நாலு ரவுண்டு ஆகும்.

"வந்துவிட்டால்?"
ஷேர் ஸமான் லபன் புட்டியை இடக்கைக்கு மாற்றுகிறான்,
வலக்கைக்கு, மறுபடி இடக்கைக்கு.
எங்கிருந்து வரும் என்று தெரியாமல்
மிக்கேலின் கண் புட்டியோடு அலைகிறது.

ரோமெல், கிரேனுக்குச் சைகை காட்டுகிறவன்,
ஒரு வாரமாக எங்களைச் சகித்துக்கொண்டிருந்தவன்,
ஹெல்மெட்டை முகத்திலிருந்து எடுக்காமலே சொன்னான்:
"கிரெப்."
நூறு வருஷத்துக்கு முந்தைய ஆள். ஒரு கண்ணில் பார்வை போனபின்னும் சாம்பியன்.
முந்நூறு சண்டை இருக்கும், ஒன்றும் படமாக மிஞ்சவில்லை.
அன்றைக்குப் பல ஊரில் தீர்ப்பே கிடையாதாம்,
மறுநாள் பேப்பர்காரன் எழுதினால்தான்
ஜெயித்தவனுக்கே தெரியும்.

மிக்கேல் சிரித்தான்.
யாருமே பார்க்காதவனை எப்படி ரிங்கில் ஏற்றுவது?

ரோமெல் ஒற்றை விரலை மேலே காட்டினான்,
கொக்கியைத் தூக்கச் சொல்லும் அதே விரல்.
"அங்கே என்ன எழுதியிருக்கிறது? உங்கள் பாஷைதானே?"

உச்சி விட்டத்தில், பல பூச்சுப் பெயின்டுக்கு அடியிலும்
மேடு தட்டி நின்றது வெல்டிங் எழுத்து:
ப. வீரபுத்திரன் 81.
தினமும் அதற்குக் கீழேதான் படுக்கிறேன்.
எனக்குத் தெரியும் என்று சொல்ல
ஏனோ வாய் வரவில்லை.

"ஏற்று அவனை," என்றான் மிக்கேல். "எடை என்ன?"
"ஆகஸ்ட்டில் இங்கே எல்லாரும் மிடில்வெயிட்."
"எந்தக் காலத்துச் சட்டப்படி?"
அங்கேதான் சிக்கியது.
அவனுக்கு மதியச் சைரன் கிடையாது. அவன் பதினைந்து ரவுண்டு ஆள்,
நாங்கள் பன்னிரண்டு.
இன்றைய இரட்டைக் கொக்கி பெல்ட்டை மாட்டி
அவனைப் பெர்மிட் ஆபீஸ் வரிசையில் நிறுத்தினால்
முதல் ரவுண்டிலேயே சுருண்டுவிடுவான் என்றான் மிக்கேல்.
"உன்னை வெறும் கயிற்றோடு அங்கே ஏற்றினால்?"
அதற்குப் பதில் வரவில்லை. எங்கோ நீராவி சீறியது.

ஷேர் ஸமான் கண்ணைச் சுருக்கி
அந்த எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்,
செதில் எந்தப் பக்கம் படிந்திருக்கிறது என்று.
பிறகு மெதுவாக, நீதிபதிக்குச் சாட்சி சொல்வதுபோல்
என்னைப் பார்த்துச் சொன்னான்:
"இடக்கைக்காரன்."

மூன்று மணிச் சைரன்.
அட்டைகளை மடித்தோம்.
மிக்கேல் கொக்கி மாட்டி ஏணியில் ஏறுகிறான்,
அந்த விட்டத்தைத்தான் கடக்க வேண்டும்.
கீழிருந்து லியாரிக்காரன் கத்துகிறான்:
"உன் இடது கால் அவன் காலுக்கு வெளியே இருக்கட்டும்!"

மிக்கேல் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னான்.
ஆனாலும் அந்தப் பெயரருகே வந்ததும்
காலைக் கொஞ்சம் தள்ளித்தான் வைத்தான்.