வேற்றுமொழியில் அதற்கு ஈடான சொல்

பொருள்வரியில் ஒரு கோப்பு எண்.
இணைப்பில் மஞ்சள் நோட்டீஸ்,
மார்க்கம் வீதிப் பலசரக்குக் கடையில்
கறிவேப்பிலைக் கட்டுகளுக்குப் பக்கத்தில் கிடப்பது.
வெள்ளிக்கிழமைக்குள் ஆங்கிலத்தில் வேண்டுமாம்.
சொல்லுக்கு இருபத்திரண்டு சதம்.

அனுப்பியது ஒரு கல்லூரி.
ஒன்ராறியோவில் கல்லூரி என்றால்
சிலவேளை படிக்கிற இடமில்லை.
யார் தொடலாம், யார் தொடக்கூடாது,
என்ன பெயர் சொல்லிக் கதவு திறக்கலாம்
என்று பார்க்கிற இடம்.

சட்டத்தையும் கூடவே வைத்திருந்தார்கள்:
பதிவில்லாத ஒருவர் வைத்தியம் பார்க்குமிடத்தில்
டாக்டர் என்று போட்டுக்கொள்ளக் கூடாது,
அதன் சுருக்கத்தையும் கூடாது,
வேற்றுமொழியில் அதற்கு ஈடான சொல்லையும் கூடாது.

அந்தக் கடைசி வரியில்தான் என் குடியிருப்பு.
பதினாறு வருடமாய்
ஈடான சொல் விற்றுச் சாப்பிடுகிறேன்.

'வைத்தியர் சிவகடாட்சம். நாடி பார்க்கப்படும்.'
பார்க்கப்படும்.
யார் பார்ப்பது என்று தமிழ் சொல்லவில்லை,
ஆங்கிலத்திலும் சொல்லாமல் தப்பலாம்.
நாலாம் வரியில் மாட்டிக்கொண்டேன்:
'சலரோகம், மூட்டுவாதம், சொறி குணமாகும்.'
மழை விடும், பால் பொங்கும் என்பதுபோல்
தன்பாட்டில் நடக்கிற ஒன்று.
குணமாக்குவேன் என்று அந்த மனிதர் எழுதவில்லை.
வழக்கு முழுதும்
ஒரு 'க்'கிலும் ஒரு 'வேன்'னிலும் தொங்குகிறது.
அது தெரிகிற ஆள்
அந்த மேசையில் நான் மட்டும்.

முறைப்பாடு கையெழுத்தில் இருந்தது.
நிறஞ்சினி அருமைத்துரை.
'இன்சுலினை விடுங்கோ என்று அவர் சொல்லேல்லை.
பத்தியம் எண்டு மட்டும் சொன்னவர்.
இவர் எல்லாத்தையும் விட்டுப்போட்டார்.
இப்ப வலது காலில் மூண்டு விரல் இல்லை.'

பத்தியம்.
சாப்பாட்டு விதி என்று பெயர்த்தால்
புளியும் கத்தரிக்காயும் போகும்.
விலக்கு என்று பெயர்த்தால்
ஊசியும் போகும்.
இரண்டுக்கும் இருபத்திரண்டு சதம்தான்.

ஆயிரம் வேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள்,
ஆயிரம் பேரை என்றும் சொல்வார்கள்.
இந்தக் கோப்பில் எண்ணிக்கை மூன்று,
வேருமில்லை, பேருமில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும்.
சான்றுபெற்ற மொழிபெயர்ப்பாளர் என்பதும்
இங்கே காவல் போட்ட பெயர்.
வருடச் சந்தா, வட்ட முத்திரை.
முத்திரை இல்லாமல் பிறப்புப் பத்திரம் பெயர்த்த ஒருவரைப் பற்றிப்
போன வருடம் நானும் எழுதிக் கொடுத்தேன்.
அவர் பெயர்த்ததில் பிழை இருக்கவில்லை.
அதை எழுதவில்லை.

படிவத்தில் ஒன்பதாம் கேள்வி:
சம்பந்தப்பட்டவரோடு உங்களுக்குத் தொடர்பு உண்டா?

மாசிப் பனியில் முழங்கால் மடங்காமல்
இரண்டு தரம் அந்தப் படி ஏறியிருக்கிறேன்.
பிளாசா மாடி, வரிக்கணக்குக்காரருக்கு அடுத்த அறை.
மூன்று விரலால் நாடி பிடித்தார்,
அடுப்பில் எதுவோ கொதிக்கிறதா என்று
காது கொடுப்பவர்போல.
எண்ணெய் ஒரு போத்தல், பதினெட்டு டொலர், ரசீது இல்லை.
நோ குறைந்தது.
எண்ணெயாலா, சித்திரை பிறந்ததாலா,
தெரியாது.
குணமாயிற்று என்று
தமிழில் சொல்லிவிட்டுப் போய்விடலாம்.

'இல்லை' என்ற கட்டத்தில் புள்ளடி போட்டேன்.

வைத்தியர் என்ற இடத்தில் டாக்டர் என்றே எழுதினேன்.
அகராதியில் வேறு மூன்று சொல் இருந்தது.
நிறஞ்சினி பேனையை அழுத்திய அழுத்தம்
ஸ்கேன் பண்ணிய தாளிலும் நிழலாய் விழுந்திருந்தது.
குணமாகும் என்பதற்கு மட்டும் ஓர் அடிக்குறிப்பு:
'மூலத்தில் இவ்வினையைச் செய்பவர் என்று ஒருவரும் இல்லை.'
அடிக்குறிப்புக்குக் காசு கிடையாது.
முத்திரை குத்தினேன்.

ஆவணியில் அந்தப் பக்கம் போனபோது
பலகையில் முதல் சொல்லின்மேல் வெள்ளை பூசியிருந்தது.
பெயரும் ரெலிபோன் இலக்கமும் அப்படியே.
மலிவான பூச்சு,
பின்னேர வெயில் சரிந்தால் உள்ளே வாசிக்கலாம்.

சிவப்பு விளக்கு விழுந்தது.
வலது காலால் பிரேக்கை மிதித்தேன்.
நோகவில்லை.